நாலாம் வகுப்பு படித்த கலைவாணர்



நம்ம சுவரிதழில் 'வாழ்ந்து காட்டியவர்கள்' பகுதிக்கு இந்த மாசம் என் முறை. இதுவரைக்கும் தலைவர்கள் வந்தாச்சு, விஞ்ஞானிகள் வந்தாச்சு, கவிஞர்களும் வந்தாச்சு. நான் ஒரு சினிமா நடிகரைப் பற்றி எழுதட்டுமான்னு தமிழய்யாகிட்ட கேட்டேன். ஐயா கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. பிறகு, எந்த நடிகர்னு கேட்டாங்க. சார்லி சாப்ளின்னு சொன்னேன். எழுதலாம்தான், ஆனா லண்டன் வரைக்கும் போறதுக்கு முன்னாடி நாகர்கோவில் வரைக்கும் போயிட்டு வாயேன்னு சிரிச்சாங்க. அப்படிக் கிடைச்சவர்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

இவரைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு இன்னொருத்தன் ஞாபகம் வந்துக்கிட்டே இருந்தது. அவன் யாருங்கிறதைக் கடைசியில் சொல்றேன். நடுவுல விட்டுட்டுப் போயிடாதீங்க!

லண்டனில் ஒருத்தர், நாகர்கோவிலில் ஒருத்தர்

சார்லி சாப்ளின் 1889-ல் லண்டனில் பிறந்தார். அப்பா, அம்மா ரெண்டு பேருமே மேடையில் பாடுறவங்க. அப்பா குடும்பத்தைக் கவனிக்கலை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அதனால் சின்ன வயசிலேயே ஏழைகள் விடுதியில் போய் இருக்க வேண்டிய நிலைமை. பிறகு மேடை நாடகம். அதுக்குப் பிறகு அமெரிக்கா போய் 1914-ல் சினிமா. தொப்பி, கைத்தடி, குட்டி மீசை, தொளதொளன்னு ஒரு பேண்ட். உலகமே சிரித்தது. ஆனா அந்தச் சிரிப்புக்குள்ள பசியும் இருந்தது, வேலையில்லாத் திண்டாட்டமும் இருந்தது. 1936-ல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் தொழிற்சாலை மெஷினுக்குள்ள மனுஷன் மாட்டிக்கிட்டு முழிக்கிறதைக் காட்டியிருப்பார். சிரிச்சு முடிச்ச பிறகுதான் நமக்குச் சுருக்குன்னு இருக்கும்.

அதே 1936-ல் நம்ம தமிழ் சினிமாவிலும் ஒருத்தர் சிரிக்க வைக்க ஆரம்பிச்சிருந்தார். அவரும் ஏழை வீட்டுப் பிள்ளை, மேடையிலிருந்து வந்தவர். அவரும் சிரிப்புக்குள்ள சிந்தனையை வச்சவர். அதனால்தான் அவரை இந்தியாவின் சார்லி சாப்ளின்னு எல்லாரும் சொன்னாங்க.

ஒழுகினசேரி வீடு

நம்ம சங்கரன்கோவிலில் இருந்து பஸ் ஏறித் திருநெல்வேலி போய், அங்கிருந்து வள்ளியூர், ஆரல்வாய்மொழி தாண்டினால் நாகர்கோவில். ஊருக்குள்ள நுழையுற பக்கத்தில் இருக்கிற இடம் ஒழுகினசேரி. அங்கேதான் 1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி கிருஷ்ணன் பிறந்தார். அப்பா பேர் சுடலைமுத்து, அம்மா பேர் இசக்கியம்மாள். பேரைக் கேட்டாலே நம்ம பக்கத்து ஆளுங்கன்னு தெரியுதுல்ல? சுடலையும் இசக்கியும் இல்லாத ஊர் நம்ம பக்கத்தில் எது? நாகர்கோவிலுக்கு ஒரு 'என்', சுடலைமுத்துவுக்கு ஒரு 'எஸ்'. அதுதான் என்.எஸ்.கிருஷ்ணன். அப்போ அந்த ஊர் திருவிதாங்கூர் மகாராஜா ஆட்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் கன்னியாகுமரி மாவட்டமாகி நம்மகூடச் சேர்ந்தது.

வீட்டில் வறுமை. நிறையப் பிள்ளைகள். கிருஷ்ணன் நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திட்டார். நிறுத்திட்டார்னு எழுதுறதே தப்பு. நிறுத்த வேண்டியதாப் போச்சுன்னுதான் எழுதணும். பத்து வயசுப் பையன் கிடைச்ச வேலையெல்லாம் செஞ்சான். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் வித்தான். வியாபாரம் பண்ணின மாதிரியும் ஆச்சு, காசு கொடுக்காமல் நாடகம் பார்த்த மாதிரியும் ஆச்சு!

இன்னொரு பள்ளிக்கூடமும் அவருக்குக் கிடைச்சது. அதுதான் வில்லுப்பாட்டு. அம்மன் கோயில் கொடையில் நாமளும் பார்த்திருக்கோம். பெரிய வில்லில் மணிகளைக் கட்டி, வீசுகோலால் தட்டித் தட்டிக் கதை சொல்வாங்க. பக்கத்தில் குடம், உடுக்கு, ஜால்ரா. ஒருத்தர் பாட, கூட இருக்கிறவங்க ஆமா போட, ராத்திரி முழுக்கக் கதை ஓடும். தூங்கி விழுறவங்களை எழுப்புறதுக்கு நடுநடுவே ஒரு சிரிப்புத் துணுக்கு வரும். கதை, பாட்டு, சிரிப்பு, புத்தி எல்லாம் ஒரே இலையில் பரிமாறுற கலை அது. கிருஷ்ணன் இதைத்தான் சின்ன வயசிலேயே பிடிச்சுக்கிட்டார். பின்னாளில் சினிமாவில் அவர் செஞ்சதெல்லாம் ஒரு வகையில் வில்லுப்பாட்டுதான், வில் மட்டும்தான் கையில் இல்லைன்னு எங்க தாத்தா சொல்வாங்க. தாத்தா தறி ஓட்டினவங்க. டூரிங் டாக்கீஸில் மண்ணைக் குவிச்சு உட்கார்ந்து பழைய படமெல்லாம் பார்த்தவங்க. இந்தக் கட்டுரையில் பாதி தாத்தா தயவு.

பாய்ஸ் கம்பெனி

அந்தக் காலத்தில் 'பாய்ஸ் கம்பெனி'ன்னு நாடகக் குழுக்கள் இருந்தன. சின்னப் பையன்களைச் சேர்த்துக்கிட்டு, சாப்பாடு போட்டு, பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்து நடிக்க வைப்பாங்க. பெண் வேஷமும் பையன்கள்தான் போடணும். ஊர் ஊராகப் போகணும். வீட்டு ஞாபகம் வந்தாலும் அழுதுக்கிட்டே வேஷம் கட்டணும். நம்ம தமிழ் சினிமாவின் பழைய பெரிய நடிகர்களில் பலர் இப்படி வந்தவங்கதான். எம்.ஜி.ஆரும் அப்படித்தான், சிவாஜியும் அப்படித்தான்.

கிருஷ்ணன் சேர்ந்தது டி.கே.எஸ். சகோதரர்கள் நடத்திய நாடகக் குழுவில். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதின்னு நாலு அண்ணன் தம்பிகள். இதில் சண்முகம் பின்னாளில் அவ்வையார் வேஷம் போட்டு 'அவ்வை சண்முகம்'னு பேர் வாங்கினவர். அந்தக் குழுவில் கிருஷ்ணனுக்கு நகைச்சுவை வேஷங்கள் கிடைச்சன. எழுதிக் கொடுத்ததை மட்டும் பேசிட்டுப் போறவர் இல்லை அவர். அன்னைக்கு எந்த ஊரில் நாடகமோ, அந்த ஊர்ச் சேதியைக் கலந்து பேசுவார். ஜனங்க கைதட்டுவாங்க. நாலாம் வகுப்பில் விட்ட படிப்பை அவர் இங்கேதான் தொடர்ந்தார்னு சொல்லலாம். நாடகம் படிச்சார், ஊர் படிச்சார், மனுஷங்களைப் படிச்சார்.

சினிமாவுக்குள் வந்த கதை

தமிழ் சினிமா பேச ஆரம்பிச்சது 1931-ல். நாலே வருஷத்தில், 1935-ல், டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்த 'மேனகா' படம் வந்தது. அதில் கிருஷ்ணனும் இருந்தார். 1936-ல் 'சதி லீலாவதி'. அமெரிக்காவில் இருந்து வந்த எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய படம். எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். டி.எஸ்.பாலையாவுக்கும் அதுதான் முதல் படம். யோசிச்சுப் பாருங்க, பின்னாளில் நாடே கொண்டாடிய மூணு பேர் ஒரே படத்தில், பேர் தெரியாத ஆட்களாக நின்னிருக்காங்க!

அதே சமயம் 'வசந்தசேனா'ன்னு ஒரு படத்துக்காகப் புனேவுக்குப் போனபோதுதான் டி.ஏ.மதுரத்தைச் சந்தித்தார். ரெண்டு பேரும் திரையிலும் ஜோடி ஆனாங்க, வாழ்க்கையிலும் ஜோடி ஆனாங்க. தமிழ் சினிமாவில் கணவன் மனைவியாக இவ்வளவு படங்களில் சேர்ந்து சிரிக்க வச்சவங்க வேற யாரும் இல்லைன்னே சொல்லலாம். மதுரம் சும்மா பக்கத்தில் நின்னு சிரிக்கிறவங்க இல்லை. கணவர் ஒண்ணு சொன்னா இவங்க பதிலுக்கு ரெண்டு சொல்வாங்க. பல காட்சிகளில் கிருஷ்ணன் அசடு வழிவார், மதுரம் புத்தி சொல்வாங்க. அந்தக் காலத்தில் ஒரு பெண் சபையில் இப்படிப் பேசுறதே புதுசு.

அப்போ நகைச்சுவைப் பகுதி எடுக்கிற முறையே வேற. கதை ஒரு பக்கம் போகும். நகைச்சுவை தனிக் கதையாக இன்னொரு பக்கம் ஓடும். கிருஷ்ணன் தனக்குன்னு ஒரு குழு வச்சிருந்தார். தன் பகுதியைத் தானே யோசிச்சு, தானே அமைச்சு, படத்தோட சேர்ப்பார். பாட்டு எழுத உடுமலை நாராயண கவி கூட இருந்தார். 'அம்பிகாபதி' (1937), 'சகுந்தலை' (1940), 'உத்தம புத்திரன்' (1940), 'அசோக்குமார்' (1941), 'கண்ணகி' (1942), 'ஹரிதாஸ்' (1944) என்று படங்கள் வரிசையாக வந்தன. கதாநாயகன் யாராக இருந்தாலும் சரி, போஸ்டரில் கிருஷ்ணன் மதுரம் பேர் இருக்கான்னு ஜனங்க பார்ப்பாங்களாம்.

அவர் எதைக் கேலி பண்ணினார்? மூடநம்பிக்கை, சாதித் திமிர், போலிச் சாமியார், குடி, கடன் வாங்கிச் செலவு பண்றது. யாரைக் கேலி பண்ணினார்? பெரும்பாலும் தன்னையேதான். தானே குடிகாரனாக வருவார், தானே ஏமாளியாக வருவார், கடைசியில் தானே திருந்துவார். நம்ம வகுப்பில் ஒருத்தனோட திக்குவாயையும் இன்னொருத்தனோட கருப்பையும் சொல்லிச் சிரிக்கிறோமே, அதைக் காமெடின்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். (என்னையும் சேர்த்துத்தான் எழுதுறேன்.) கிருஷ்ணன் படங்களைப் பார்த்தா நமக்கே கொஞ்சம் வெட்கமா இருக்கும்.

சிறைக் கதவு

இனிமேல் வருவது சோகமான பகுதி.

1944-ல் கிருஷ்ணனுக்குக் கையில் நிற்காத அளவுக்குப் படங்கள். அந்தத் தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னையில் ஒரே தியேட்டரில் மூணு தீபாவளி பார்த்தது. அதில் கதாநாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதர். அன்றைக்கு அவர்தான் சூப்பர் ஸ்டார்.

அதே காலத்தில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது', 'இந்து நேசன்' என்ற பத்திரிகைகளை நடத்தி, சினிமாக்காரர்களின் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கிசுகிசு எழுதிக்கிட்டு இருந்தார். பாகவதர், கிருஷ்ணன் போன்றவர்கள் அரசாங்கத்திடம் முறையிட்டு 'சினிமா தூது' பத்திரிகையின் உரிமத்தை நிறுத்த வச்சாங்க. 1944 நவம்பர் 8-ஆம் தேதி லட்சுமிகாந்தனை வேப்பேரியில் சிலர் கத்தியால் குத்தினாங்க. மறுநாள் அவர் ஆஸ்பத்திரியில் இறந்து போனார். விசாரிச்ச போலீஸ், அடுத்த மாசமே பாகவதரையும், கிருஷ்ணனையும், கோவை பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடுவையும் கைது செய்தது. குத்தச் சொல்லித் தூண்டிவிட்டாங்கன்னு வழக்கு.

அப்போ ஜூரி முறை இருந்தது. பொதுமக்களில் இருந்து தேர்ந்தெடுத்த சிலர் உட்கார்ந்து, குற்றம் செஞ்சாங்களா இல்லையான்னு சொல்வாங்க. நாயுடு விடுதலை ஆனார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள்னு ஜூரிகளில் பெரும்பாலானவர்கள் சொல்லிட்டாங்க. 1945 மே மாசம் ரெண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செஞ்சாங்க, அதுவும் தோத்துப் போச்சு. கடைசியாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் போனாங்க. அவங்கதான், கீழே விசாரித்ததில் தவறு இருக்கு, திரும்ப விசாரியுங்கள்னு அனுப்பினாங்க. மறு விசாரணையில் எத்திராஜ் என்ற பெரிய வக்கீல் வாதாடினார். சென்னையில் எத்திராஜ் மகளிர் கல்லூரி இருக்கே, அதை ஆரம்பிச்சவர் அவர்தான். 1947 ஏப்ரலில் ரெண்டு பேரும் குற்றமற்றவர்கள்னு விடுதலை ஆனாங்க. அதுக்குள்ள ரெண்டு வருஷத்துக்கு மேல சிறையில் போயிருச்சு. சம்பாதிச்ச பணமெல்லாம் வழக்கிலேயே கரைஞ்சு போச்சு.

இங்கே ஒரு விஷயத்தை நினைச்சுப் பார்க்கணும். வெளியில் தியேட்டரில் 'ஹரிதாஸ்' ஓடுது. திரையில் கிருஷ்ணன் வந்ததும் ஜனங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. அதே நேரத்தில் அந்த மனுஷன் கைதி உடுப்பில் கம்பிக்குப் பின்னால உட்கார்ந்திருக்கார். நினைச்சாலே ஒரு மாதிரி இருக்கு.

அந்த நாட்களில் குடும்பத்தைத் தாங்கினது மதுரம்தான். என்.எஸ்.கே. நாடக சபா என்ற பெயரில் நாடகம் நடத்தினாங்க. எஸ்.வி.சகஸ்ரநாமம் பக்கபலமாக நின்னார். அப்படி வந்த 'பைத்தியக்காரன்' நாடகம் 1947-ல் படமாகவும் வந்தது. விடுதலையாகி வந்த கிருஷ்ணனும் அதில் தலை காட்டினார்.

பாகவதருக்குச் சிறைக்குப் பிறகு பழைய காலம் திரும்பவே இல்லை. படங்கள் ஓடலை, உடம்பும் கெட்டது. 1959-ல் காலமானார். கிருஷ்ணன் மட்டும் எப்படி எழுந்தார்? எனக்குத் தோணுறது இதுதான். பாகவதரை ஜனங்க ராஜா மாதிரி அண்ணாந்து பார்த்தாங்க. ராஜா ஒரு தடவை விழுந்தால் எழுந்திருக்கிறது கஷ்டம். கிருஷ்ணனை ஜனங்க தங்களில் ஒருத்தராகப் பார்த்தாங்க. விழுந்தவன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கிட்டுச் சிரிச்சா நாமளும் கூடச் சிரிப்போம்ல, அந்த மாதிரி. சிறைக்குப் போனதையே அவர் வேடிக்கைப் பாட்டாக்கி ஜனங்க முன்னால பாடினார்! 1948-ல் எஸ்.எஸ்.வாசனின் பிரம்மாண்டமான 'சந்திரலேகா'வில் மறுபடியும் கிருஷ்ணன் மதுரம் ஜோடி வந்தது. 'கலைவாணர்' என்ற பட்டம் கிடைச்சதும் சிறையில் இருந்து வந்த பிறகுதான். கொடுத்தவர் தமிழ் நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார்.

கிந்தனார் கதை

1949-ல் அறிஞர் அண்ணா எழுதிய 'நல்லதம்பி' படம் வந்தது. கிருஷ்ணன்தான் கதாநாயகன். மதுவிலக்கைப் பற்றிய படம். இதில்தான் 'கிந்தனார்' காலட்சேபம் வருது. இதை நம்ம பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தெரிஞ்சுக்கணும்.

நந்தனார் கதை நமக்குத் தெரியும். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். சிதம்பரம் போய் நடராஜரைப் பார்க்கணும்னு துடிச்சவர். நாளைப் போவேன், நாளைப் போவேன்னு சொல்லிக்கிட்டே இருந்ததால திருநாளைப்போவார்னு பேர் வந்தது. கலைவாணர் அந்தக் கதையை அப்படியே எடுத்துத் திருப்பிப் போட்டார். நந்தனாருக்குப் பதிலா கிந்தன்னு ஒரு ஏழைப் பையன். அவனுக்குக் கோயில் ஆசை இல்லை, படிப்பு ஆசை. சிதம்பரம் போக வேண்டாம், பட்டணம் போய்ப் படிக்கணும். ஊரில் படிக்க விடமாட்டேங்கிறாங்க, அடிக்கிறாங்க. பையன் ரயில் ஏறிப் பட்டணத்துக்குப் போயிடுறான். ரயிலில் எல்லாச் சாதிக்காரங்களும் ஒரே பெட்டியில் ஒட்டி உட்கார்ந்து வர்றாங்களேன்னு ஆச்சரியப்படுறான். கடைசியில் படிச்சு முடிச்சு, பள்ளிக்கூடங்களைச் சோதனை பண்ற இன்ஸ்பெக்டராகத் திரும்பி வர்றான்!

பக்திக் கதை சொல்ற காலட்சேபத்தில், ஜால்ரா தட்டி, ராகம் போட்டு, இந்தப் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னார் கலைவாணர். கேட்டவங்க சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போனவங்களில் யாராவது ஒருத்தர் மறுநாள் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு போய் விட்டிருக்க மாட்டாங்களா? நிச்சயம் விட்டிருப்பாங்க.

தமிழய்யா இதைச் சொன்னப்போ எனக்கு ஒண்ணு தோணிச்சு. நாலாம் வகுப்போட நின்ன மனுஷன், படிச்சு இன்ஸ்பெக்டர் ஆன பையனைப் பற்றிப் பாடுறார். தனக்குக் கிடைக்காததை அந்தக் கிந்தனுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கார். அறிவியலைப் பற்றியும் ஒரு பாட்டு பாடியிருக்கார். விஞ்ஞானம் வளர்ந்தா வீட்டு வேலையெல்லாம் மெஷினே செய்யும், சாப்பாடு தானா வந்து நிற்கும்னு கணவன் மனைவி பேசிக்கிற மாதிரி வரும். இன்னைக்கு மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் வந்தாச்சு. அவர் அன்னைக்கே கனவு கண்டுட்டார்.

மத்தவங்களைத் தூக்கிவிட்டவர்

நடிகராக மட்டும் இல்லை, இயக்குநராகவும் இருந்தார். 1951-ல் 'மணமகள்'. கலைஞர் மு.கருணாநிதி வசனம். நடனத்தில் பேர் வாங்கியிருந்த பத்மினியைத் தமிழில் கதாநாயகி ஆக்கின படம் இது. 1952-ல் 'பணம்'. அதுக்கும் கலைஞர்தான் வசனம். 'பராசக்தி' வந்த சூட்டோடு சிவாஜி நடித்த அடுத்த படம். விஸ்வநாதன் – ராமமூர்த்தி என்ற ஜோடிப் பெயரில் இசை வந்த முதல் படமும் இதுதான். எத்தனை பெரிய ஆட்களின் ஆரம்பத்தில் இவர் நின்னிருக்கார் பாருங்க. 1951-ல் சோவியத் நாட்டுக்கும் போய்ட்டு வந்தார்.

நம்ம நெல்லைக்காரர் ஒருத்தரும் இதில் உண்டு. வில்லிசை வேந்தர் சுப்பு ஆறுமுகம். திருநெல்வேலிப் பக்கம் புதுக்குளத்தில் பிறந்தவர். அவருடைய திறமையைப் பார்த்து, சென்னைக்கு அழைச்சுக்கிட்டுப் போய் வளர்த்துவிட்டவர் கலைவாணர்தான். சுப்பு ஆறுமுகம் ஐயா 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022-ல் காலமானார். தன்னை வளர்த்த வில்லுக்குக் கலைவாணர் கட்டின கடன் அது.

காந்தியடிகள் 1948-ல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அவருக்கு நாகர்கோவிலில் ஒரு நினைவுத் தூண் எழுப்பினார். கொள்கையில் பெரியார், அண்ணா பக்கம் நின்னவர்தான். ஆனாலும் காந்தி மேலே அவ்வளவு பக்தி.

கொடுத்துக் கொடுத்து

கலைவாணரின் கொடைக் குணத்தைப் பற்றி ஏகப்பட்ட கதைகள் இருக்கு. அதில் ஒண்ணு தாத்தா சொன்னது. இவர் கணக்கில் தர்மம், தர்மம்னு நிறையச் செலவு எழுதியிருக்காம். வருமான வரி அதிகாரி ஒருத்தருக்குச் சந்தேகம். யாரோ ஒரு ஏழை பேசுற மாதிரி அவரே டெலிபோனில் பேசி, மகள் கல்யாணத்துக்குப் பணம் வேணும்னு கேட்டாராம். உடனே வந்து வாங்கிக்கோங்கன்னு கலைவாணர் சொல்லிட்டாராம். அதிகாரி வெட்கப்பட்டுப் போனாராம். எந்த அளவுக்கு உண்மையோ தெரியாது, ஆனா ஒருத்தரைப் பற்றி ஜனங்க இப்படி ஒரு கதை சொல்றாங்கன்னாலே அவர் எப்படிப்பட்டவர்னு புரியுதுல்ல?

இன்னொரு கதை 1957 தேர்தல் பற்றியது. காஞ்சிபுரத்தில் அண்ணா போட்டியிட்டார். எதிர்த்து நின்னவர் ஒரு நல்ல டாக்டர். அண்ணாவுக்கு ஓட்டுக் கேட்க வந்த கலைவாணர், மேடையில் அந்த டாக்டரைத்தான் புகழ்ந்தாராம். கூட்டத்துக்கு ஒண்ணும் புரியலை. இவ்வளவு நல்ல டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிட்டா உங்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பாங்க, அதனால டாக்டரை ஊரில் வச்சுக்கிட்டு அண்ணாவை அனுப்புங்கன்னு கடைசியில் முடிச்சாராம்! எதிரியைத் திட்டாமலே ஓட்டுக் கேட்டவர். இன்னைக்கு மேடையில் பேசுறவங்க கவனிக்க வேண்டிய விஷயம்.

முடிவும் நினைவும்

கொடுத்தே பழகின கைக்குச் சேர்த்து வைக்கத் தெரியலை. கடைசிக் காலத்தில் பணக் கஷ்டம், உடம்பும் ஒத்துழைக்கலை. 1956-ல் வந்த 'மதுரை வீரன்', 'ராஜா ராணி' படங்களிலும் நடிச்சார். 'ராஜா ராணி'யில் சிரிப்பில் எத்தனை வகை இருக்குன்னு பாட்டாகவே பாடிச் சிரிச்சுக் காட்டியிருப்பார். 1957 ஆகஸ்ட் 30-ஆம் தேதி சென்னையில் காலமானார். வயசு 48தான். பிறந்த ஊர் தமிழ்நாட்டோட சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கலை. மதுரம் அம்மா 1974 வரைக்கும் இருந்தாங்க.

1969 ஜனவரியில் சென்னை தியாகராய நகரில் அவருக்குச் சிலை திறந்தாங்க. திறந்து வச்சவர் முதலமைச்சர் அண்ணா. உடம்பு முடியாத நிலையிலும் நண்பருக்காக வந்தார். அண்ணா கலந்துக்கிட்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுதான். சென்னையில் பாலர் அரங்கம்னு இருந்த இடத்துக்குக் 'கலைவாணர் அரங்கம்'னு பேர் வச்சாங்க. அந்தப் பழைய கட்டடத்தை இடிச்சுட்டுப் புதுசாகக் கட்டி 2016-ல் திறந்தாங்க.

சாப்ளின் 88 வயசு வரைக்கும் இருந்தார். உலகம் முழுக்கப் புகழ் பார்த்தார். நம்மவருக்கு 48 வயசுதான் கொடுத்து வச்சது. ஆனா ரெண்டு பேரும் ஒரே பாடத்தைத்தான் நமக்குச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. பசியைப் பார்த்தவன் சிரிக்க வச்சால், அந்தச் சிரிப்பு யாரையும் காயப்படுத்தாது.

கடைசியா ஒரு விஷயம்

முதலில் ஒருத்தன் ஞாபகம் வந்துக்கிட்டே இருந்ததுன்னு சொன்னேனே. அவன் எங்ககூட போன வருஷம் வரைக்கும் படிச்சவன். பேர் வேண்டாம், எங்க வகுப்புக்காரங்களுக்குத் தெரியும். மதிய இடைவேளையில் எல்லாரையும் சிரிக்க வைப்பான். சார் மாதிரி பேசிக் காட்டுவான், பஸ் கண்டக்டர் மாதிரி விசில் அடிப்பான், ஆடித்தபசுக் கூட்டத்தில் தொலைஞ்சு போன பையன் மாதிரி அழுது காட்டுவான். அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு வரலை. வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இப்போ தறிக்குப் போறான். நான் டியூஷன் முடிஞ்சு வரும்போது பார்ப்பேன். தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். தறிச் சத்தத்தில் அவன் பேசுறதே கேட்காது. சைகையில் ஏதாவது செய்வான், நான் சிரிச்சுட்டு வந்துடுவேன்.

கலைவாணரே நாலாம் வகுப்புதான், அவர் முன்னுக்கு வரலையான்னு யாராவது கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைச்சேன். ஆனா கலைவாணர் தன் கதையைச் சொல்லி, என்னை மாதிரி படிக்காம இருங்கன்னு சொல்லலையே! கிந்தன் கதையைத்தானே சொன்னார்? ரயில் ஏறியாவது போய்ப் படின்னுதானே சொன்னார்? நம்ம ஊர்ப் பையன் ரயில்கூட ஏற வேண்டாம், ரெண்டு தெரு நடந்தால் போதும்.

வகுப்பாசிரியர்கிட்ட கேட்டேன். அவன் டி.சி. இன்னும் வாங்கலையாம், பேர் பதிவேட்டில் இருக்காம். திரும்ப வந்தா உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம்னும், விட்டுப்போன பாடத்தைச் சாயங்காலம் சொல்லிக்கொடுக்கிறேன்னும் சார் சொல்லியிருக்காங்க. அவன் அம்மாவைப் பார்த்துப் பேச வர்ற ஞாயிற்றுக்கிழமை சாரும் நாங்க நாலு பேரும் போறோம். இந்தத் தாளை ஒரு நகல் எடுத்துக்கிட்டுப் போறேன். அவன் படிச்சுட்டு என்ன சொல்வான்னு தெரியும். முதலில் கலைவாணர் மாதிரி நடிச்சுக் காட்டுவான். அதுக்குப் பிறகு என்ன சொல்வான்னுதான் தெரியலை.

அடுத்த மாசத் தாளில் எழுதுறேன்.



இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்

விடை தெரியுமா? (எல்லா விடையும் மேலேயே இருக்கு. எட்டிப் பார்க்காம சொல்லுங்க!)

1. கலைவாணர் பேரில் உள்ள 'எஸ்' யாரைக் குறிக்கும்?
2. எம்.ஜி.ஆரும் டி.எஸ்.பாலையாவும் அறிமுகமான படம் எது?
3. கலைவாணர் வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொன்னது எது?
4. கிந்தன் படித்துவிட்டு என்ன வேலைக்கு வந்தான்?
5. கலைவாணர் வளர்த்துவிட்ட நெல்லை வில்லிசைக் கலைஞர் யார்?